நாச்சிமுத்துவின் நெற்றியில் ஊற்றியது

அக்டோபர் 14, திங்கள்

காலையிலிருந்து மப்பு. மழை இறங்கவில்லை, புழுக்கம்தான். பாட்டில்களைக் கழுவி வெயிலுக்கு வைத்தேன், வெயிலே இல்லை. தக்கை தீரப்போகிறது. சேலம் பஸ்ஸில் போகிற யாரிடமாவது சொல்லி அனுப்ப வேண்டும். மூக்கடைப்பு நாலாவது நாள். ஊருக்கெல்லாம் மருந்து கலக்குகிற கம்பவுண்டருக்குத் தன் சளி நிற்கவில்லை என்று ஆரோக்கியத்துக்கு ஒரே சிரிப்பு. சிரிக்கட்டும். பெண்டாட்டி சிரிக்காமல் வேறு யார் சிரிப்பார்கள்.

பதினொரு மணிக்கு டாக்டர் நாச்சிமுத்துவைப் பார்த்துவிட்டு வந்தார். கை கழுவிக்கொண்டே சொன்னார்: "உன் சிநேகிதன் அவ்வளவுதான்யா. ரெண்டு நாள். மிஞ்சினா மூணு." காமாலை முற்றி வயிறு வீங்கிவிட்டது. சொல்லிவிட்டு அடுத்த சீட்டை நீட்டினார். இருமல் மருந்து, ஆறு வேளைக்கு. கலக்கினேன். அளவு தப்பவில்லை.

நாச்சி நெய் வியாபாரி. சந்தை சந்தையாகப் போய் வெண்ணெய் வாங்கி, வீட்டில் உருக்கி, தகர டின்னில் அடைத்து சேலத்துக்கு அனுப்புகிறவன். ராசிபுரத்தில் இருக்கிற நாளெல்லாம் சாயங்காலம் டிஸ்பென்சரி பெஞ்சில் வந்து உட்காருவான். இருபது வருஷப் பழக்கம். இன்னும் எனக்கு 'ங்க' போட்டுத்தான் பேச்சு. அவன் எருமைக்கும் போடுவான்.

மத்தியானம் போனேன். கட்டிலில் மஞ்சளாய்க் கிடக்கிறான். வீடு முழுக்க நெய் வாசம், என் அடைத்த மூக்குக்கே ஏறுகிறது. அவன் சம்சாரம் பாவாயி அடுப்படிக்குப் போனதும் கேட்டுவிட்டேன். இனித் தள்ளிப்போட நாளில்லை.

"நாச்சி, ஞானஸ்நானம் வாங்கிக்கிறியா? தலையில கொஞ்சம் தண்ணி, அவ்வளவுதான்."

சிரித்தான். "அங்கயும் உங்குளுக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் வேணுமாக்கும்" என்றான். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிறேன். வேறு என்னவோவும் சொன்னான். குரல் எழும்பவில்லை. சரியாகக் காதில் விழவில்லை.

ஏன் இத்தனை அவசரப்படுகிறேன் என்றால், இந்த நோட்டில்கூட இதுவரை எழுதாத ஒன்று. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவர்கள் மகள் செல்லம்மா, நாலு வயசு, ஒரே பிள்ளை, காய்ச்சலில் எங்கள் டிஸ்பென்சரிக் கட்டிலில்தான் போனாள். பாவாயி கஞ்சி கொண்டுவரப் போயிருந்தாள். நாச்சி வாசலில் பீடியோடு நின்றான். நான் யாரையும் கேட்காமல் கிணற்றுத் தண்ணீர் எடுத்து அந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டேன். தெரேசம்மாள் என்று பெயர் வைத்தேன். அரை மணியில் போய்விட்டாள். சாகக் கிடக்கிற பிள்ளைகளுக்கு அப்படிக் கொடுப்பது என் வழக்கம். எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில் யாரைக் கேட்டாலும் நல்ல காரியம் என்பார்கள். பெயர் எழுதி வைக்கச் சின்ன நோட்டு ஒன்று தனியாக உண்டு.

நாச்சியிடம் மட்டும் சொல்லவே இல்லை. ஒரு தடவை பேச்சுவாக்கில் இந்த வழக்கத்தைப் பற்றிச் சொன்னதற்கே முகம் சுண்டிவிட்டது. "பெத்தவங்களக் கேக்காமச் செஞ்சா அது திருட்டுங்க கம்பவுண்டரே" என்றான். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

செல்லம்மா மோட்சத்தில் இருக்கிறாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பனும் அங்கே போய்ச் சேர வேண்டும், ஞானஸ்நானம் இல்லாமல் அந்த வாசல் திறக்காது. அவள் உள்ளே, அவன் வெளியே என்றால் அது ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, என்றைக்கும். நாளைக்குச் செய்துவிட வேண்டும்.

அக்டோபர் 15, செவ்வாய்

நாலு தூறல். தக்கை வந்தது, பெரிய அளவு. யாரிடம் சொன்னாலும் இந்தக் கதிதான்.

செய்தாயிற்று. மணி மூன்று இருக்கும். என்னைப் பார்த்ததும் பாவாயி எழுந்துவிட்டாள். "இருங்ணா, எருமைக்குத் தீனி போட்டுட்டு வாரேன்" என்று கொல்லைக்குப் போனாள். ஜன்னல் சாத்திக் கிடந்தது, காற்று ஆகாதாம். தலைமாட்டு முக்காலியில் பித்தளைச் சொம்பு, மேலே ஒரு டம்ளர். நாச்சி கண்ணை மூடியிருந்தான். கூப்பிட்டேன், பதில் இல்லை. டம்ளரில் சாய்த்து எடுத்து, பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்து என்று சொல்லிக்கொண்டே மூன்று முறை நெற்றியில் ஊற்றினேன். நல்ல மரணத்துக்குப் பாதுகாவலர் சூசையப்பர் அல்லவா, சூசை என்றே பெயர் வைத்தேன். கண் திறக்கவில்லை. உதட்டோரம் ஒரு தடவை இழுத்தது. வலியாயிருக்கும்.

காதுப் பக்கம் வழிந்து தலையணை நனைந்தது. துடைக்கவில்லை. துடைக்க மனசு வரவில்லை.

வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன். பத்து நாளைக்குப் பிறகு இன்றுதான் சோறு இறங்கியது. ஜெபமாலை சொல்லும்போது ஆரோக்கியம் கேட்டாள்: "என்ன, முகமெல்லாம் தெளிஞ்சிருக்கு?" சொல்லவில்லை. சின்ன நோட்டில் எழுதினேன்: சூசை.

அக்டோபர் 16, புதன்

நாச்சி போய்விட்டான். விடியும்போது. ஆள் வந்து சொன்ன சமயம் கையில் காபி. குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். இதை எதற்கு எழுதுகிறேன், தெரியவில்லை.

அங்கே எல்லோரும் அழுகை. எனக்கு மட்டும் வரவில்லை. உள்ளுக்குள் சந்தோஷம்கூட. அவன் போகிற இடம் எனக்குத் தெரியும், அங்கே யார் காத்திருக்கிறாள் என்பதும் தெரியும். இத்தனை பேர் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று ஒரு பெருமை வேறு. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

குளிப்பாட்டத் தூக்கும்போது ஒரு பெண் கத்தினாள். "ஐயோ, நெத்தியப் பாருங்க! எறும்புங்க!"

எட்டிப் பார்த்தேன். செவ்வெறும்பு. சுவரிலிருந்து கட்டில் காலில் ஏறி, தலையணை மேல் ஒரே சாரி. நெற்றியில் மொய்த்து, அங்கிருந்து காதுவரை. நான் ஊற்றியது எந்த வழியாக வழிந்ததோ அதே வழி. ஒரு இம்மி தப்பவில்லை. மற்ற இடத்தில் ஒன்றுகூட இல்லை.

"இத்தன வெரசாவா?" என்றாள் இன்னொருத்தி. "இது நல்லதுக்கில்லீங்க. சாவு இந்த ஊட்டை விட்டுப் போகாது."

யாரோ ஈரத்துணியால் துடைத்தார்கள். திரும்ப வந்து மொய்த்தது. பாவாயி மட்டும் எறும்பைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

பங்காளி ஒருவன் கொள்ளி வைத்தான். மழைக்குப் பயந்து சீக்கிரம் முடித்தார்கள். கட்டை ஈரம், புகைதான் அதிகம். வீட்டுக்கு வந்து இரண்டு தடவை குளித்தும் எறும்பு ஊர்கிற மாதிரியே இருக்கிறது.

அக்டோபர் 18, வெள்ளி

மழை பிடித்துக்கொண்டது. டிஸ்பென்சரி ஓடு ஒழுகுகிறது. தராசை மூடி வைத்தேன்.

பாவாயி சொல்லி அனுப்பியிருந்தாள், மிச்ச மருந்தை வந்து எடுத்துப் போகச் சொல்லி. போனேன். கட்டிலை வெளியே சாய்த்து வைத்திருந்தாள். எனக்கு அந்த எறும்பு மனசை விட்டுப் போகவில்லை, கேட்டுவிட்டேன். அவள் தலை நிமிரவில்லை.

"அது எளநீங்ணா."

"எது?"

"தலமாட்டுச் சொம்புல எளநீங்ணா வெச்சிருந்தேன். சீனி மாதிரி இனிக்கிற மரத்துக் காயி. அதான் எறும்பு."

"தண்ணி இல்லையா அது?"

"தண்ணி இல்லீங்ணா."

இரண்டாம் தடவையும் கேட்டேன். இரண்டாம் தடவையும் அதே பதில். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

மழைத் தண்ணீர் செல்லும். கிணறு, ஆறு, ஏரி, கடல், எல்லாம் செல்லும். சேறு கலந்திருந்தாலும் செல்லும். பால் செல்லாது. எண்ணெய் செல்லாது. பன்னீர் செல்லாது. இளநீர் செல்லாது. ஞாயிற்றுக்கிழமை ஞான உபதேச வகுப்பில் எத்தனை வருஷமாக நான் சொல்லிக்கொடுத்த பாடம்! பிள்ளைகள் தப்பாகச் சொன்னால் காதைத் திருகியிருக்கிறேன்.

அவன் தலையில் நான் ஊற்றியது ஒன்றுமே இல்லை. எறும்புக்குத் தீனி.

மூடி திறந்தால் மோந்து பார்த்தே மருந்தின் பெயர் சொல்கிறவன் நான். பாழாய்ப்போன சளி. சேசுவே, ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருக்கக் கூடாதா?

அக்டோபர் 20, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. பூசைக்குக் கூட்டம் குறைவு. பங்குச் சாமியார் பிரசங்கம் நித்தியத்தைப் பற்றி. வேறு விஷயமே கிடைக்கவில்லையா? "நீளமான காலம்தான் நித்தியம் என்று நினைக்காதீர்கள். நீளமானது எங்கேயாவது முடிந்துதான் ஆக வேண்டும். பஸ் போய்விட்டால் அடுத்த பஸ் உண்டு. அங்கே அடுத்தது என்று ஒன்று கிடையாது" என்றார். பக்கத்தில் ஒருவர் கொட்டாவி விட்டார்.

பூசை முடிந்து எல்லோரும் போகிற வரைக்கும் நின்றேன். சொன்னேன். இளநீர் என்றதும் சாமியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"அது ஞானஸ்நானம் ஆகாது."

"தெரியும், சாமி."

"பயப்படாதே. ஆசை ஞானஸ்நானம் என்று ஒன்று இருக்கிறது, நீயே சொல்லிக்கொடுக்கிறவன்தானே. அந்த மனுஷன் மனசார ஆசைப்பட்டிருந்தால் தண்ணீர் இல்லாவிட்டாலும் போதும். ஆசைப்பட்டானா?"

"ஆசைப்பட்டான், சாமி."

அவ்வளவு சுளுவாக வந்தது வாயில். கோயிலுக்குள், பீடத்துக்கு நாலு அடியில்.

"பிறகென்ன. போய் நிம்மதியாக இரு" என்று தோளில் தட்டினார். கடைவீதி வரைக்கும் நிம்மதியாகத்தான் இருந்தேன். வீட்டுப் படி ஏறும்போது போய்விட்டது. ஆரோக்கியம் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். தொடவில்லை. "கோயிலுக்குப் போய்ட்டு வந்த மூஞ்சியா இது?" என்று கேட்டாள்.

அக்டோபர் 22, செவ்வாய்

வெயில் எட்டிப் பார்த்தது. பாட்டில்கள் காய்ந்தன. டாக்டருக்குக் கோபம், பேதி மருந்துச் சீட்டைப் படித்துவிட்டு இருமல் மருந்து பாட்டிலில் ஊற்றிவிட்டேன். நல்லவேளை, வாசலிலேயே பிடித்துவிட்டார். "என்னய்யா, ஆளைக் கொல்லப் பாக்கிறியா?"

அடையாளத் தாள் வெட்டினேன். பல் பல்லாய் வெட்டிப் பாட்டிலில் ஒட்டினால் ஒரு பல் ஒரு வேளை. எத்தனை கசப்பு மருந்தானாலும் ஜனங்கள் அதைப் பார்த்துத்தான் தைரியம் அடைகிறார்கள். இன்னும் மூணுதான், இன்னும் ரெண்டுதான். கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தேன். நாச்சி இருக்கிற இடத்தில் எந்தப் பாட்டிலில் ஒட்டுவது? எவ்வளவு குடித்தாலும் மட்டம் இறங்காது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

நரகம் என்று நினைக்க முடியவில்லை. யார் குடியையும் கெடுக்காதவன். எடையில் ஏமாற்றாதவன். எங்கேயோ வெளிச்சம் இல்லாத இடத்தில், நெருப்பும் இல்லாமல், ஆளும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிற மாதிரி தோன்றுகிறது. பேச்சில்லாமல் பத்து நிமிஷம் அவனால் இருக்க முடியாது.

சாயங்காலம் அவன் வருகிற நேரத்துக்கு யாரோ ஒரு எடப்பாடி ஆள், தறிக்காரர், கால் புண்ணோடு வந்து அந்த பெஞ்சில் உட்கார்ந்தார். "அங்க உக்காராதய்யா!" என்று கத்திவிட்டேன். பாவம், நொண்டிக்கொண்டே எழுந்து நின்றார். கட்டுப் போடும்போது மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லீங்க சாமி" என்றார்.

அக்டோபர் 24, வியாழன்

வாங்க வேண்டியது: பஞ்சு, சின்னத் தக்கை (சின்ன!), அயோடின், ஆரோக்கியத்துக்கு நூல்கண்டு.

மறுபடி மப்பு. காலையில் ஒருத்தி கைப்பிள்ளையோடு வந்தாள். வெண்ணந்தூர்ப் பக்கம். ஆறு மாசம் இருக்கும். கண் செருகிக் கிடந்தது. டாக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பஸ் வர அரை மணி இருந்தது. அந்தப் பிள்ளைக்கு அரை மணி இருக்குமா தெரியவில்லை.

வழக்கம்போல் டம்ளரை எடுத்தேன். பானையில் மொண்டேன். ஊற்றப் போகும்போது கை தன்னால் வாய்க்குப் போனது. குடித்துப் பார்த்தேன். தண்ணீர்தான். சந்தேகம். இன்னொரு வாய் குடித்தேன். தண்ணீர்தான்.

அந்தப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னங்க பண்றீங்க என்ற கொழந்தைக்கு?"

இத்தனை வருஷத்தில் யாரும் என்னைக் கேட்டதில்லை. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துத்தானே செய்திருக்கிறேன், யார் கேட்பார்கள்? "தாகம்மா, எனக்குத்தான்" என்று சொல்லி மிச்சத்தையும் நானே குடித்தேன்.

பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பிள்ளையின் கால் ஒன்று துணிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. இருக்கிறதோ போய்விட்டதோ, எனக்குத் தெரிய வழியில்லை. போயிருந்தால் அதுவும் என் தலையில். ஊற்றியிருந்தால் அதுவும் என் தலையில்தான் என்று இப்போது தோன்றுகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

அக்டோபர் 27, ஞாயிறு

கிறிஸ்து அரசர் திருநாள். தோரணம் நனைந்து சாயம் ஒழுகிச் சுவரெல்லாம் சிவப்பு. எனக்கு என்னவோ போல் இருந்தது.

உண்மையை எழுதுகிறேன். 14ஆம் தேதி எழுதினது பொய். நாச்சி சொன்னது எனக்கு நன்றாகவே காதில் விழுந்தது. ஒரு எழுத்து விடாமல் விழுந்தது.

"வேண்டாங்க கம்பவுண்டரே. என்ற மவ எங்க போனாளோ அங்கதானுங்க நான் போகோணும். அவ இந்தத் தண்ணியெல்லாம் ஊத்திக்காமப் போனவ. அவள உட்டுப்போட்டு உங்க மோச்சத்துல வந்து நான் என்னங்க பண்றது?"

ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் அங்கேதான் இருக்கிறாள், நாச்சி, நான்தான் அனுப்பினேன். அவ்வளவுதான். சொல்லியிருந்தால் அவனே தலையைக் காட்டியிருப்பான். நாக்கு நுனிவரை வந்தது. அடுப்படியில் பாவாயி பாத்திரத்தை வைத்த சத்தம் கேட்டது, விழுங்கிவிட்டேன். திருடன் என்று நினைத்துக்கொண்டு சாவானே, இருபது வருஷ சிநேகம் கடைசி நாளில் முறிந்துபோகுமே என்று பயம். என் பெயர் கெடக்கூடாது என்பதற்காக அவன் நித்தியத்தையே பணயம் வைத்தேன். தூங்கும்போது ஊற்றிவிட்டால் இரண்டும் சரியாகிவிடும் என்று எனக்கு ஒரு சாமர்த்தியம்!

தண்ணீரும் தண்ணீர் இல்லை. ஆசையும் ஆசை இல்லை.

பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே ஓட்டுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சாமியார் சொன்னார்:

"அவன் எங்கே போனான் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சர்வேசுரனுக்குத்தான் தெரியும். அவர் செய்ய வேண்டியதை நீ டிஸ்பென்சரியில் கலக்கிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டாய். இனிமேல் தாய் தகப்பனைக் கேட்காமல் யார் தலையிலும் ஊற்றாதே."

"சரி, சாமி."

"அபராதம் இதுதான். அந்தத் தாயிடம் போ. அவள் பிள்ளைக்கு நீ செய்ததை அவளிடம் சொல். திட்டினால் வாங்கிக்கொள். ஆத்துமாக்கள் திருநாளுக்குள் சொல்லிவிடு."

இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்கிற அந்த நாளுக்கு இன்னும் ஆறு நாள். பாவாயி ஒரு மாதிரி. ஊரைக் கூட்டினாலும் கூட்டுவாள், ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்தினாலும் சாத்துவாள். கதவைச் சாத்துவதுதான் எனக்குப் பயம்.

அக்டோபர் 30, புதன்

போனேன். சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் இருந்தார்கள். எருமைக்கு மடி வீக்கமாம், களிம்பு கேட்டாள். கொடுத்தேன்.

அக்டோபர் 31, வியாழன்

போகவில்லை. கடைவாய்ப் பல்வலி. கிராம்புத் தைலம். கோயிலில் பட்டியல் கேட்கிறார்கள், சனிக்கிழமை பூசையில் வேண்டிக்கொள்ள அவரவர் வீட்டு இறந்தவர்கள் பெயர். ஆரோக்கியம் அவள் அப்பா, அம்மா, தம்பி என்று எழுதிவிட்டு நோட்டை என் பக்கம் தள்ளினாள். எங்கள் அப்பா பெயர் எழுதினேன். அதற்குக் கீழே பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சூசை என்று எழுதுவதா, நாச்சிமுத்து என்று எழுதுவதா? மை ஒரு சொட்டு விழுந்துவிட்டது. ஆரோக்கியம் வைதாள்.

நவம்பர் 1, வெள்ளி

சகல அர்ச்சியசிஷ்டவர்கள் திருநாள், புனிதர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே நாள். காலைப் பூசை. பிறகு நேரே பாவாயி வீடு. வானம் பனமரத்துப்பட்டிப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. குடை எடுக்கவில்லை. எடுக்கத் திரும்பினால் போகமாட்டேன் என்று எனக்கே தெரியும்.

தனியாகத்தான் இருந்தாள். நெய்ச் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "வாங்ணா" என்று மணை போட்டாள். உட்காரும்போதே ஆரம்பித்துவிட்டேன்.

"பாவாயி, உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"நானும் ஒண்ணு சொல்லோணுங்ணா. பதினஞ்சு நாளா நெஞ்சுல கெடந்து அறுக்குது. நான் மொதல்ல சொல்லிப்போடறேன். கோவிச்சுக்கப்படாது."

சட்டியைக் கீழே வைத்தாள். கையைக் கழுவினாள்.

"எளநீ நானாத்தான் வெச்சேன்னு சொன்னனுங்ளா? நானா வெக்கலீங்க. அவருதான் வெக்கச் சொன்னாரு. நீங்க திங்கக்கெழம வந்து கேட்டுட்டுப் போனீங்கல்ல, அன்னிக்குப் பொழுதோடயே சொன்னாரு. 'கம்பவுண்டரு உடமாட்டாரு. நான் நெனவு தப்பிக் கெடக்கறப்ப வந்து ஊத்தீருவாரு. இனி ஊட்டுக்குள்ள தண்ணிச் சொம்பே வெக்காத. எளநீ வெச்சுப்போடு. எளநீல ஊத்துனா ஆகாதுன்னு அவரே எங்கிட்டச் சொல்லியிருக்கறாரு. அவரு மனசும் நோவக்கூடாது, நானும் என்ற மவகிட்டப் போயிரோணும்'னாரு."

மழை ஆரம்பித்தது.

"அன்னிக்கி நீங்க வந்தப்ப அவரு முழிச்சுத்தானுங்ணா இருந்தாரு. கண்ண மூடிக்கிட்டுக் கெடந்தாரு. நீங்க போனதும், 'பாத்தியா, ஊத்திப்போட்டாரு. மனுசன் எம்மேல எத்தன ஆச வெச்சிருக்கறாரு பாரு'ன்னு சிரிச்சாரு. அதுதானுங்க கடசியாப் பேசுனது."

நான் அழுதுவிட்டேன். அவன் பிணத்தைப் பார்த்து அழாதவன், அங்கே மணையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவள் நான் கோபப்பட்டு அழுகிறேன் என்று நினைத்துவிட்டாள்.

"ஏமாத்திப்போட்டோம்னு நெனைக்காதீங்ணா. ஒம்பது வருசமா அவருக்கு இதே பேச்சு. புள்ள தனியாப் போச்சே, இருட்டுனா பயப்படுமேன்னு. இப்ப அப்பனும் மவளும் ஒண்ணாயிருப்பாங்கல்லீங்ணா?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். அவள் முகத்தில் இன்றைக்குத்தான் கொஞ்சம் சிரிப்பு பார்க்கிறேன். சாமியார் சொன்னது ஞாபகம் இருந்தது. திட்டினால் வாங்கிக்கொள் என்றார். திட்டை வாங்கிக்கொள்ள நான் தயாராகத்தான் போனேன். இதற்கு என்ன சொல்வது என்று அவர் சொல்லிக்கொடுக்கவில்லை.

"ஒண்ணாத்தான் இருப்பாங்கம்மா" என்றேன்.

"அது போதுங்ணா." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கொஞ்சம் கிட்டே வந்து உட்கார்ந்தாள். "இன்னொண்ணு. எனக்கும் ஒரு நாளைக்கு வரும். அன்னிக்கு எளநீ எடுத்து வெக்க எனக்கு ஆளில்லீங்ணா. நீங்கதான் மருந்து குடுக்க வருவீங்க. எனக்குத் தண்ணி ஊத்தீராதீங்க. நானும் அவங்க ரண்டு பேருகிட்டத்தான் போகோணும். சத்தியம் பண்ணுங்க."

கையை நீட்டினாள். சாம்பல் ஈரம் காயாத கை. மூன்று தடவை கேட்டாள்.

சத்தியம் செய்தேன்.

மழையில் நனைந்துகொண்டே வந்தேன். ஆரோக்கியம் சுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். நாளைக்கு ஆத்துமாக்கள் திருநாள். சொல்லவில்லை, இனிச் சொல்லப்போவதும் இல்லை. அப்பன் மோட்சத்துக்கு வரமாட்டான். ஆத்தாளும் வரமாட்டாள், கை அடித்துக் கொடுத்துவிட்டேன். அங்கே செல்லம்மா தனியாக இருக்கிறாள்.